காந்தாரியின் தங்கை

ஸ்ரீரங்கம்,
10-7-1938

அன்புள்ள அக்காவுக்கு,

செங்கமலம் எழுதுவது. காவிரியில் புதுத் தண்ணீர் வந்த வாரம் எல்லாருக்கும் பிடித்த ஜலதோஷம் என்னையும் பிடித்து விட்டுவிட்டது. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ, அத்தான், குழந்தை மயிலம்மாள், மாமா எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்?

பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. மூன்றாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்புப் பெண்களுக்குத் தமிழும் சரித்திரமும் எடுக்கிறேன். என் குரல் கடைசி பெஞ்சுவரை போவதில்லை என்று தலைமையாசிரியை சொன்னார். மறுநாள் சத்தமாகப் பேசிப் பார்த்தேன். வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. விட்டுவிட்டேன்.

ஒரு விஷயம். சென்னையில் பெண்களே நடத்தும் ஒரு மாதப் பத்திரிகை இருக்கிறது. காலேஜில் என்னோடு படித்த ஷரீபா அதற்கு எழுதுகிறாள். இதிகாசத்தில் வரும் ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்வதுபோல் மாதத்துக்கு ஒன்று போடப்போகிறார்களாம். என் பெயரையும் கொடுத்துவிட்டாள். நான் காந்தாரியை எடுத்துக்கொண்டேன். குருட்டு ராஜாவுக்கு வாழ்க்கைப்படப் போகிறோம் என்று தெரிந்ததும் தன் கண்ணையும் துணியால் கட்டிக்கொண்டாளே, அவள். ஏன் கட்டிக்கொண்டாள் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

வருஷா வருஷம் திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் படிக்கிறவர் உன் மாமனாராக இருக்கும்போது நான் வேறு யாரைக் கேட்பது? உனக்கு வரும் கடிதங்களை மாமாதான் பிரித்து வீட்டுக்கே படித்துக் காட்டுவார் என்பதால் நேராக அவரையே கேட்டுவிடுகிறேன். மாமா, இந்த இடத்தில் சற்று நிறுத்தி, காந்தாரி ஏன் கட்டினாள் என்று அக்காவிடம் சொல்லுங்கள். அவள் எனக்கு எழுதட்டும். உங்களுக்கு என் நமஸ்காரம்.

பொன்மலையில் ஐயாவும் அம்மாவும் சௌக்கியம்.

உன் தங்கை,
செங்கமலம்


ஜீயபுரம்,
21-7-1938

அன்புத் தங்கை செங்கமலத்துக்கு,

பவுனம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் குறைவில்லாமல் இருக்கிறோம். தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு பள்ளிக்கூடம் போகாதே.

உன் கடிதம் விளக்கு வைத்த பிறகு படிக்கப்பட்டது. "மாமா, இந்த இடத்தில் நிறுத்தி" என்று வந்ததும் மாமா நிஜமாகவே நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பி.ஏ. படிச்ச புள்ளைக்கு எங்கிட்டக் கேக்கணும்னு தோணியிருக்கு பாரு" என்று தன் மூத்த பிள்ளையான என் மூத்தாரிடம் சொன்னார். அவருடைய பதில்: புருஷனுக்கு இல்லாத பார்வை தனக்கு எதற்கு என்று கட்டிக்கொண்டாள், அவள் பதிவிரதை, இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. அப்படியே எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். நான் எழுதியதையும் அவர் ஒரு தடவை படித்துவிட்டுத்தான் உறையை ஒட்டுவார்.

வேறு விசேஷம் இல்லை. மூத்தாரின் புதுச் சம்சாரம் அடுப்படியில் எனக்குக் கைகொடுக்கிறது. நல்ல பெண். முதல் சம்சாரத்தை இருமல் என்று பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டது உனக்குத் தெரியும். உடம்பு தேறியதும் அழைத்து வருவதாகத்தான் பேச்சு. தேறிவிட்டதாம். யாரும் அழைக்கப் போகவில்லை. இதுவரை எழுதியதை மாமா படித்துவிட்டார், அடிக்கச் சொல்லவில்லை. அதனால் அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

எழுத்து பெரிதாகிக் கோணிக்கொண்டு போகிறது. பேனா முள் சரியில்லை. ஆடிப்பெருக்குக்கு வந்துவிடு.

பவுனம்மாள்


ஸ்ரீரங்கம்,
8-8-1938

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த புளிச்சோறு ரயில் கோட்டை ஸ்டேஷன் வருவதற்குள் தீர்ந்துவிட்டது. நான்கு நாள் உன் கைச்சோறு சாப்பிட்டதில் முகம் தெளிந்திருப்பதாக இங்கே சொல்கிறார்கள். உன் உடம்பு எப்படி?

ஆற்றங்கரைப் படியில் நீ என் கையை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினாய். கல்யாணத்துக்கு முன்பு என்னை இழுத்துக்கொண்டு ஓடுகிறவள் நீ. நான் வேலைக்குப் போய்விட்டதால் பிரியம் கூடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இன்னொன்றும் பார்த்தேன். மோர் ஊற்றும்போது தம்ளருக்குள் விரல் நுனியை வைத்துக்கொண்டு, மோர் விரலைத் தொட்டதும் நிறுத்துகிறாய். அத்தனை பேருக்கு ஊற்றி ஊற்றிக் கை அப்படிப் பழகியிருக்கும். அந்த விரலை என் காந்தாரிக்குக் கொடுக்கப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

மாமா சொன்னதுபோல் பக்தியால் கட்டினாள் என்று எழுதிப் பார்த்தேன். நான்கு வரிக்குமேல் நகரவில்லை. ஏமாற்றிக் கட்டிவைத்தார்களே என்ற கோபத்தில் கட்டினாள் என்று எழுதினேன். அதுவும் சரியாக வரவில்லை. கோபம் ஒரு வருஷம் தாங்கும். ஆயுசு முழுவதும் அந்தத் துணியைத் துவைத்துத் துவைத்து யார் கட்டுவார்கள்?

கண்ணைக் கட்டிக்கொண்ட பெண் ஒரு வீட்டை எப்படி நடத்துவாள் என்பதையாவது சரியாக எழுதவேண்டும். நீ யோசித்துச் சொல். எனக்கு வெந்நீர் வைப்பதோடு சரி.

உன் தங்கை,
செங்கமலம்


ஜீயபுரம்,
30-8-1938

அன்புத் தங்கைக்கு,

பவுனம்மாள். நாங்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறோம். குழந்தைக்குப் பல் விழுந்து முளைக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில். எண்ணெய் காய்ந்ததைக் கடுகு சொல்லிவிடும். சோறு கொதிக்கும்போது முதலில் சத்தம் மெல்லியதாக இருக்கும், வேகவேகத் தடித்துப்போகும், அப்போது இறக்கலாம். உப்பு எப்போதும் கையளவுதான். வீட்டு ஆட்களை நடையில் தெரிந்துகொள்ளலாம். மூத்தார் காலை இழுத்து வைப்பார், உன் அத்தான் வாசல்படியில் ஒரு தடவை செருமுவார். பொழுது விடிந்ததை எந்தக் கன்னத்தில் சூடு படுகிறது என்பதில் தெரிந்துகொள்ளலாம். ஒருவர் பேசாமல் வந்து நின்றால் மட்டும் தெரியாது. அதனால் காந்தாரி நிழல் ஆடினாலே, "யாரு, வாங்க" என்று தானே முதலில் பேசிவிடுவாள். மரியாதை தெரிந்தவள் என்று ஊரில் பெயர் வாங்குவாள்.

இன்னொன்று தோன்றியது. மாமாவிடம் சொன்னேன், சிரித்துவிட்டு எழுது என்றார். காந்தாரிக்கே பார்வை மங்கிக்கொண்டு வந்திருந்தால்? வெளியே சொன்னால் குருட்டுப் பெண் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். துணியைக் கட்டிக்கொண்டால் பதிவிரதை. துணிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யார் அவிழ்த்துப் பார்க்கப்போகிறார்கள்?

மாமா சொல்லச் சொன்னது: "பாரதத்துல இல்லாததை எல்லாம் அக்காளும் தங்கச்சியும் புதுசா எழுதுறீங்க. இதை நான் கோயில்ல படிச்சேன்னா, மாலை போடுற கையாலேயே கல்லை எடுப்பாங்க." ஆனாலும் கதை வந்ததும் தனக்கு ஒரு பிரதி அனுப்பவேண்டுமாம்.

பவுனம்மாள்


ஸ்ரீரங்கம்,
10-9-1938

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கைவிரலில் மட்டும் மைக்கறை போகவில்லை. நீயும் வீட்டிலுள்ளவர்களும் சுகந்தானே?

கதையை முடித்து அனுப்பிவிட்டேன். நீ சொன்ன காந்தாரியைத்தான் எழுதினேன். கடுகு, சோற்றின் சத்தம், "யாரு, வாங்க" எல்லாம் இருக்கின்றன. தம்ளரில் விரலும் இருக்கிறது. கடைசியில் அவள் துணியோடேயே செத்துப்போகிறாள், யாருக்கும் எதுவும் தெரியாமல். ஷரீபா படித்துவிட்டு, உன் அக்கா எந்தக் காலேஜ் என்று கேட்டாள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள் என்றேன். எனக்கு இது தோன்றியே இருக்காது, அக்கா. நீ எப்படி யோசித்தாய் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

தை இதழில் வரும். முதல் பிரதி மாமாவுக்கு.

உன் தங்கை,
செங்கமலம்


ஜீயபுரம்,
12-10-1938

அன்புத் தங்கைக்கு,

கடிதம் வந்தது. பதில் தாமதத்துக்குக் காரணம் ஒன்றுமில்லை. தீபாவளிக்குப் பொன்மலைக்கு வரமுடியாது. வீட்டில் வேலை. அம்மாவிடம் சொல்லிவிடு. தை இதழை ஊரைக் கூட்டிப் படிக்கப்போவதாக மாமா சொல்லிக்கொண்டிருக்கிறார். நாங்கள் சுகம்.

பவுனம்மாள்


ஸ்ரீரங்கம்,
2-11-1938
(தபாலில் சேர்க்காதது)

அக்கா,

இதைத் தபாலில் போட்டால் மாமா படிப்பார். எங்கள் பள்ளிக்கூடத்து ஆயா இருளாயிக்கு உங்கள் ஊர்ப் பக்கம்தான். அவள் கையில் கொடுத்தனுப்பினால் உன்னால் படிக்க முடியாது. இந்த வாக்கியத்தை எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்கு நிச்சயமாயிற்று.

போன மாதம் வந்த உன் கார்டில் கடைசி மூன்று வரிகள் ஒன்றின்மேல் ஒன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. ஜன்னலில் பிடித்துப் பிரித்துப் படித்தேன். பேனா முள் சரியில்லை என்றால் வரி எப்படி வரியின்மேல் ஏறும்? பிறகு என் கதையின் நகலை எடுத்துப் படித்தேன். கடுகும் சோறும் நீ யோசித்துச் சொன்னவை அல்ல. படியில் என் கையைப் பிடித்ததும் பிரியத்தால் மட்டும் அல்ல.

நீ நலமா என்று கேட்டுத்தான் நான் ஒவ்வொரு கடிதமும் எழுதியிருக்கிறேன். ஒன்றுக்குக்கூட நீ பதில் சொல்லவில்லை. 'நாங்கள்' சுகம் என்றுதான் எழுதியிருக்கிறாய்.

இது வெளியே தெரிந்தால் மூத்தாரின் முதல் சம்சாரம் போன வழியில்தான் உன்னையும் அனுப்புவார்கள். ஆண் குழந்தை இல்லை என்ற பேச்சு ஏற்கெனவே இருக்கிறது. அதை வெளியே சொல்லப்போவது என் கதை. அந்த வீட்டில், உன் முன்னால், சத்தமாகப் படிக்கப்போகிறார்கள்.


ஸ்ரீரங்கம்,
4-11-1938

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மழை. எனக்குச் சுகம். மாமாவுக்கு நமஸ்காரம், மறுபடியும் கதை விஷயம்தான், அலுத்துக்கொள்ளாமல் படிக்கவேண்டும்.

கதையை இன்னும் அச்சுக் கோக்கவில்லை என்று பத்திரிகையிலிருந்து எழுதியிருக்கிறார்கள். வேண்டுமானால் திருப்பி வாங்கிவிடலாம். எனக்குக் காந்தாரியைப் பற்றித்தான் கவலை. துணிக்குப் பின்னால் இருப்பது அரண்மனையில் தெரிந்துவிட்டால் அவளை என்ன செய்வார்கள்? கதையை நிறுத்திவிடட்டுமா?

வகுப்பில் ஒரு பெண் கேட்டாள், காந்தாரி இந்தக் காலத்தில் இருந்திருந்தால் வைத்தியம் செய்திருக்கலாமே என்று. திருச்சியில் கண் ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். புரையாக இருந்தால் எடுத்துவிடலாமாம். வயது குறைந்தவர்களுக்கும் வருவது உண்டாம். நாள் கடத்தக்கூடாதாம். ஆனால் காந்தாரி வாயைத் திறந்து சொன்னால்தானே ஆஸ்பத்திரிக்குப் போகமுடியும்?

நீ என்ன சொல்கிறாயோ அதன்படி செய்கிறேன்.

உன் தங்கை,
செங்கமலம்


ஜீயபுரம்,
20-11-1938

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை மாமா இரண்டு தடவை படித்தார். பாரதக் கதையில் ஆஸ்பத்திரி வரக்கூடாது என்கிறார். மற்றதெல்லாம் உன் இஷ்டமாம்.

நான் சொல்வது: நிறுத்தாதே. வரட்டும். முடிவை மட்டும் மாற்று. துணியோடு சாகவேண்டாம். சபையில் அவளே எழுந்து சொல்லட்டும். மற்றவர்கள் கண்டுபிடித்தால் அவள் இத்தனை நாள் ஏமாற்றியவள் ஆவாள். இத்தனை நாள் எதற்காக மறைத்தாளோ அந்தக் காரியம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள். இனி மறைப்பதற்கு அவசியம் இல்லை. மனசைத் திடப்படுத்திக்கொள்ள அவளுக்குத் தை வரை அவகாசம் இருக்கிறது. போதும்.

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதவில்லை, பார்த்தாயா.

பவுனம்மாள்


ஜீயபுரம்,
25-1-1939

குழந்தை செங்கமலத்துக்கு அழகிரி ஆசீர்வாதம் செய்து எழுதியது. இவ்விடம் அறுவடை முடிந்து யாவரும் ஆரோக்கியமாக இருக்கிறோம். ஐயா நல்லதம்பிக்கும் அம்மாவுக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும்.

பத்திரிகை வந்தது. பொங்கல் கழிந்த மறு வெள்ளிக்கிழமை நாலு வீட்டு ஜனங்களை வைத்துக்கொண்டு படித்தேன். எழுத்து நன்றாக இருக்கிறது. தம்ளரில் விரல் விடும் கட்டம் வந்தபோது மூத்த மகனின் சம்சாரம் பவுனுவைத் திரும்பிப் பார்த்தது. நானும் நிறுத்திவிட்டேன். நாங்கள் யாரும் கேட்பதற்கு முன்பே பவுனு எழுந்து நின்று, "நிறுத்த வேணாம் மாமா. அந்த விரலு என்னோடதுதான். ரெண்டு வருஷமா கண்ணு மங்கிக்கிட்டே வருது. இப்ப உங்க முகமே வெளுப்பாத்தான் இருக்கு. மிச்சத்தையும் படிங்க, கேக்குறேன்" என்றது. ஜனங்கள் இருந்ததால் மிச்சத்தையும் படித்தேன். உன் அத்தான் வீரமலை பாதியில் வயலைப் பார்க்கப் போய்விட்டான்.

பவுனுவைப் பொன்மலையில் கொண்டுவந்து விட்டது உனக்குத் தெரிந்திருக்கும். வைத்தியம் பார்க்கட்டும். குழந்தை இங்கே இருக்கிறது.

இப்போது நான் எழுதவந்தது. வீரமலைக்கு வயது முப்பத்திரண்டு. வீட்டுக்கு ஒரு பெண் வேண்டும். வெளியிலிருந்து எடுத்தால் பவுனுவுக்கு இந்த வீட்டில் இடம் இருக்காது என்பதை நான் ஏற்கெனவே ஒரு மருமகள் விஷயத்தில் பார்த்துவிட்டேன். நீ வந்தால் அவளும் இருப்பாள், குழந்தைக்கும் சிற்றன்னை அந்நியம் இல்லை. நீ அக்காவுக்குக் கண்ணாக இருக்கலாம். காந்தாரியை எடுத்த அதே வீட்டில் அவள் தங்கைமாரையும் அதே மாப்பிள்ளைக்குக் கொடுத்தார்கள் என்று பாரதத்தில் ஒரு வழக்கு உண்டு. நீ அதை எழுதாமல் விட்டுவிட்டாய்.

உத்தியோகம் பெண்களுக்கு எத்தனை நாள்? யோசித்துப் பதில் எழுது. ஐயாவுக்குத் தனியாக எழுதுகிறேன்.

அழகிரி


ஸ்ரீரங்கம்,
2-2-1939

மாமா அவர்களுக்கு,

செங்கமலம் நமஸ்கரித்து எழுதுவது. எல்லாரும் ஆரோக்கியமாக இருப்பதாக எழுதியிருந்ததில் சந்தோஷம்.

இதை உங்கள் எதிரில் நின்று சொல்லச் சொன்னால் எனக்குக் குரல் எழும்பாது. எழுதுவதால் முடிகிறது. எனக்குச் சம்மதம் இல்லை. ஐயா என்ன பதில் எழுதினாலும் என்னுடையது இதுதான். வழக்கம்போல் இந்தக் கடிதத்தையும் வீட்டில் எல்லாருக்கும் கேட்கும்படி படியுங்கள். அத்தான் எழுந்து போகாமல் இருந்தால் நல்லது.

அக்காவுக்குப் புரை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வருகிற திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். எடுத்த பிறகு இரண்டு கண்ணையும் துணியால் கட்டி, தலை அசையாமல் படுக்கவைப்பார்களாம். பக்கத்தில் நான் இருப்பேன், லீவு கேட்டிருக்கிறேன். பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்லமுடியாதாம். குழந்தை மயிலம்மாளை யாராவது அழைத்துவந்தால் அக்காவுக்கு ஆறுதலாக இருக்கும்.

ஒரு சந்தேகம். காந்தாரியின் தங்கைமார் பெயர்கள் பாரதத்தில் இருக்கின்றனவா? அவர்களுக்கு இஷ்டமா என்று யாராவது கேட்டதாக இருக்கிறதா? இருந்தால் எந்த இடம் என்று எழுதுங்கள். தெரிந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
செங்கமலம்


ஜீயபுரம்,
16-4-1939

அன்புத் தங்கை செங்கமலத்துக்கு,

பவுனம்மாள் எழுதிக்கொண்டது. நான் நன்றாக இருக்கிறேன். மற்றவர்களும் அப்படியே. வலது கண் நன்றாகவே தெரிகிறது. இடது கண் போனது போனதுதான். கண்ணாடி கனத்தில் மூக்கில் தழும்பு விழுந்துவிட்டது. குழந்தை அதைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "உனக்கு எல்லாரும் இவ்வளவு பெருசாவா தெரியுறோம்?" என்கிறாள். வீட்டுச் சுவரில் கரி இவ்வளவு ஏறியிருப்பது எனக்குத் தெரியாமலே போயிற்று.

ஆஸ்பத்திரியில் நீ அந்தண்டை போயிருந்தபோது உன் அத்தான் இரண்டு தடவை வந்திருந்தார். கட்டோடு படுத்திருந்தேன். பேசாமல் வந்து நின்றால் எனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தேன் அல்லவா, அவர் நின்றது தெரிந்தது. வாழைப்பழ வாசனை. நானே ஆரம்பித்தேன். "நீங்க வேற கட்டிக்கிறதா இருந்தா எங்கிட்டச் சொல்லிட்டுக் கட்டுங்க. என் தங்கச்சியைக் கேக்காதீங்க. கட்டு அவுத்ததும் குழந்தையைக் கூட்டிக்கிட்டுப் பொன்மலைக்கே போயிடுவேன்" என்றேன். அவர் பழத்தை எங்கே வைக்க என்று கேட்டார். போன மாதம் அழைத்துவர அவரே வந்தார். பெண் பார்க்கும் பேச்சு இப்போது இல்லை. இனிமேல் வராது என்று எனக்குத் தெரியாது. வந்தால் வழி தெரியும்.

உன் கதையை நானே படித்தேன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, எழுத்துக்கூட்டி, இரண்டு நாள் ஆயிற்று. நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனால் ஆடிப்பெருக்கு அன்று என் விரலைப் பார்த்தாய். ஏன் இப்படி ஊற்றுகிறாய் என்று கேட்கவில்லை. எழுதினாய். கேட்டிருந்தால் நானும் ஏதாவது பொய்தான் சொல்லியிருப்பேன். இருந்தாலும் கேட்டிருக்கலாம்.

காந்தாரி எதற்காக மறைத்தாள் என்று நீ பிறகு கேட்கவில்லை. மாமா உனக்கு எழுதிய கடிதத்தைப் பார்த்தபோது தெரிந்திருக்கும். எனக்குக் கண் போகிறது என்று தெரிந்த அன்றைக்கே, அவர்கள் அடுத்து யாரைக் கேட்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நீ அப்போது காலேஜில் இருந்தாய். பரீட்சை முடியட்டும் என்று இருந்தேன். பிறகு வேலை கிடைக்கட்டும் என்று இருந்தேன். அவ்வளவுதான்.

மாமா நீ கேட்ட சந்தேகத்துக்காகத் தன்னிடமுள்ள மூன்று பாரத ஏட்டையும் புரட்டிக்கொண்டிருக்கிறார். தங்கைமார் பெயர் சில கிடைத்ததாம். கேட்டதாக எங்கும் இல்லையாம். சித்திரை மாதப் படிப்பில் அந்த இடத்தைப் படிப்பதா தாண்டுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

போன வாரம் உன் கடிதம் வந்தபோது தபால்காரரிடம் நானே வாங்கினேன். மாமா வழக்கம்போல் கையை நீட்டினார். "நான் படிக்கிறேன், நீங்க கேளுங்க மாமா" என்று உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். நடுவில் நீ அத்தானைப் பற்றி எழுதியிருந்த ஒரு பத்தியை விட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தை யாரும் படிக்கவில்லை. உறையை நான்தான் ஒட்டுகிறேன்.

இனிமேல் நீ எதை வேண்டுமானாலும் எழுது. இந்த வீட்டில் படிப்பது நான்.

பவுனம்மாள்